வஞ்சிரம் கேட்கப் போய் வவ்வால் என்று சொன்னால் அது மறதி நோயா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 62. நான்கு ஆண்டுகளுக்கு முன் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். அதன் பிறகு படுத்தால் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். மருத்துவர் ஒருவர் அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் மாத்திரையை இரவில் ஒன்று வீதம் 15 நாளைக்கு எழுதிக் கொடுத்தார். அந்தப் 15 நாள் நான்கு வருடமாகிவிட்டது. பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் கொடுத்துவிடுகிறார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் ஒன்பது வருடமாகச் சாப்பிடுகிறார்.

ஓராண்டாகச் சில மாற்றங்கள். முதுநகர் மீன் மார்க்கெட்டில் வஞ்சிரம் கேட்க நினைத்து வவ்வால் மீன் என்கிறார். பேத்திக்கு இலக்கணம் சொல்லிக்கொடுக்கும்போது ‘ஆகுபெயர்’ வரவேண்டிய இடத்தில் ‘தொழிற்பெயர்’ வந்து விழுகிறது. தவறு என்று அந்த நொடியே தெரிகிறது. சரியான சொல் நுனிநாக்கில் நிற்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. இரவு ஒன்பதரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, பத்து மணிக்கு பெங்களூரில் இருக்கும் மகனோடு அரை மணி நேரம் பேசுவார். காலையில் அந்தப் பேச்சு சுத்தமாக நினைவில் இல்லை. ஒருமுறை மருமகள் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகச் சாதித்து வீட்டில் மனவருத்தமே ஆகிவிட்டது. இவருடைய தாயார் கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டவர். “அம்மா போன வழியில்தான் நானும் போகிறேனா?” என்பது இவர் கேள்வி.

இதற்கிடையே இணையத்தில் ஒரு காணொளி பார்த்திருக்கிறார். தூக்க மாத்திரை மூளையில் ‘காபா’ என்ற ரசாயனத்தின் வேலையைக் கூட்டுகிறது, காபா மூளைக்கு பிரேக், பிரேக் போட்டால் நினைவு நின்றுவிடும் என்று அதில் சொன்னார்களாம். வரும் வெள்ளிக்கிழமை முதல் மாத்திரையை அடியோடு நிறுத்தப் போவதாக எழுதுகிறார். மகனோ நேர்மாறாக, காபா குறைவதால்தான் பதற்றம் வருகிறது என்று படித்துவிட்டு, காபா என்றே பெயர் அச்சிட்ட மாத்திரை டப்பா ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

அம்மா,

வெள்ளிக்கிழமை மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். நான்கு ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் வெளியிலிருந்து அமைதி வந்து சேரும் என்று உங்கள் மூளை பழகியிருக்கிறது. அதற்கேற்பத் தன் சொந்த அமைதிப்படுத்தும் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. திடீரென்று மாத்திரை நின்றால் ஓரிரு நாளிலேயே கை நடுக்கம், வியர்வை, கொஞ்சம்கூடத் தூக்கம் வராமை, குழப்பம் எல்லாம் வரலாம். சிலருக்கு வலிப்பே வரும். இப்படி ‘வைராக்கியமாக’ நிறுத்திய ஒரு பெரியவரை மூன்றாம் நாள் வலிப்போடு எங்கள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாழ்நாளில் அதற்கு முன் அவருக்கு வலிப்பு வந்ததில்லை. அவர் மனைவி வாசலில் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதனால்தான் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

மாத்திரையிலிருந்து விடுபட வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரிதான். அதற்குச் சொல்லும் காரணம்தான் பாதி சரி, பாதி தவறு. அந்தத் தவறான பாதியைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். காபாவை எதிரி என்று நினைத்தால் வெடுக்கென்று நிறுத்துவீர்கள். அதையே அமுதம் என்று நினைத்தால் மகன் அனுப்பிய டப்பாவைத் திறப்பீர்கள்.

சொல் பிறக்க மௌனம் வேண்டும்

நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு கேள்வி கேட்கிறீர்கள். இருபது பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். சரியான விடையும் அந்தக் கூச்சலுக்குள் இருக்கிறது, ஆனால் உங்கள் காதில் விழவில்லை. கையை உயர்த்தி மற்றவர்களை அமர்த்திய பிறகுதான் அந்த ஒரு குரல் கேட்கிறது. அமர்த்தியது விடையைக் கெடுத்ததா, கொண்டுவந்ததா?

மூளையில் பொருள் பிறப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். ‘ஆறு மணிக்கு வா’ என்று ஒருவர் சொன்னால், ‘ஆறு’ காதில் விழுந்த கணத்தில் எண்ணும் எழுகிறது, கெடிலம் நதியும் எழுகிறது. ‘மணிக்கு’ வந்ததும் கெடிலம் அடங்கிவிட வேண்டும். அது அடங்கியதே நமக்குத் தெரிவதில்லை. ‘ஊர் சிரித்தது’ என்று நீங்கள் ஆகுபெயர் நடத்தும்போது தெருவும் குளமும் கோயிலும் பின்வாங்கி மனிதர்கள் மட்டும் முன்னால் வருகிறார்கள். ஒரு சொல்லின் பொருளைப் புரிந்துகொள்வது என்பதில் பாதி, அந்த இடத்தில் அது எதைக் குறிக்கவில்லை என்று ஒதுக்குவதுதான். பிள்ளைகளுக்கு இதை முப்பது வருடம் கற்பித்தவர் நீங்கள்.

ஒதுக்கும் அந்த வேலையில் பெரும்பங்கு காபாவுக்கு. மூளையில் நரம்பணுக்களைத் தூண்டும் முக்கிய ரசாயனம் குளூட்டமேட், அடக்கும் முக்கிய ரசாயனம் காபா. வேடிக்கை என்னவென்றால் குளூட்டமேட்டிலிருந்துதான் காபா உண்டாகிறது. ஒரே ஒரு நொதி, துணைக்கு வைட்டமின் பி6, தூண்டும் பொருள் அடக்கும் பொருளாகிவிடுகிறது. மூளையின் மேற்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நரம்பணுக்களுக்கு அடக்குவதே தொழில். அவை எல்லா இடத்தையும் ஒரே மாதிரி அடக்குவதில்லை. இந்த நொடி, இந்த இடம் என்று பார்த்து, மில்லி விநாடிக் கணக்கில் அடக்கி விடுவிக்கின்றன.

நடந்த சம்பவங்களின் நினைவு வேறு, பொருளறிவின் நினைவு வேறு என்று 1972-இல் என்டெல் டல்விங் பிரித்துக் காட்டினார். நேற்று முதுநகரில் மீன் வாங்கியது முதல் வகை. வஞ்சிரம் என்றால் என்ன மீன், முள் எப்படி, எந்தக் குழம்புக்கு ஆகும் என்பது இரண்டாவது வகை. இரண்டாவது வகையின் இழைகள் வந்து முடிச்சுப் போடும் முக்கியமான இடம், கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளை மடலின் முன்முனை. மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த இடத்தில் உள்ள காபாவின் அளவை ஸ்கேன் கருவியில் அளந்து 2017-இல் வெளியிட்டார்கள். அங்கே காபா கூடுதலாக இருந்தவர்கள் சொற்பொருள் சோதனையில் மேலாகச் செய்தார்கள். காணொளி சொன்னது உண்மையானால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

உடனே உங்கள் மகன், “பார்த்தீர்களா, நான் சொன்னதுதானே” என்பார். பொறுங்கள். வாயால் விழுங்கும் காபா ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவது மிகக் கடினம். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதை எளிதில் விடுவதில்லை. மூளை தனக்கு வேண்டிய காபாவைத் தானே, வேண்டிய இடத்திலேயே செய்துகொள்கிறது. உங்கள் மகன் அன்பால் அனுப்பியிருக்கிறார். ஆனாலும் டப்பாவை மூடியபடியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நீங்கள் சாப்பிடும் அல்பிரசோலம் மூளைக்குள் போகும், காபாவின் கையை வலுப்படுத்தவும் செய்யும். ஆனால் இடம் பார்க்காது, நேரம் பார்க்காது. ஆசிரியர் கையை உயர்த்திக் கூச்சல் போடுபவர்களை அமர்த்துவது ஒன்று. பள்ளிக்கூடம் முழுவதையும் வாய்மூடி உட்காரச் சொல்வது இன்னொன்று. விடை தெரிந்த பிள்ளையும் அதில் வாயடைத்துப் போகும்.

உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரே மறதி அல்ல

எல்லாவற்றையும் ‘மறதி’ என்று ஒரே கூடையில் போட்டுவிட்டீர்கள். பிரித்துப் பார்த்தால் பயத்தில் பாதி குறையும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த இரவுப் பேச்சு. என் கணிப்பில் இதுதான் மாத்திரையின் நேரடி வேலை. அல்பிரசோலம் இருக்கும் பென்சோடயசெபின் குடும்பத்து மருந்துகள் புதிய சம்பவங்களைப் பதியவிடாமல் செய்யும். அறுவை சிகிச்சைக்கு முன் இதே குடும்பத்து மிடசோலத்தைக் கொடுக்கும்போது நோயாளி நம்மோடு பேசுவார், கேள்விக்குப் பதில் சொல்வார், பிறகு ஒன்றுமே நினைவில்லை என்பார். பழைய அறிவு அப்படியே இருக்கும். புதியதுதான் ஏடு ஏறாது. ஒன்பதரைக்கு மாத்திரை, பத்து மணிக்குப் போன். மருந்து ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் பேசியதை மூளை எழுதிவைக்கவே இல்லை. எழுதாததைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இதை மறதி என்பதே பொருத்தமில்லை.

வஞ்சிரம், வவ்வால் கதை வேறு. இங்கே நினைவு இருக்கிறது, தேர்வுதான் தடுமாறுகிறது. கவனித்தீர்களா, வஞ்சிரத்துக்குப் பதில் வாளி என்றோ வெற்றிலை என்றோ நீங்கள் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் சொல்தான் வருகிறது. ஆகுபெயருக்குப் பதில் வந்ததும் ஒரு பெயர்தான். ஒரே பொருட்குடும்பத்தில் பல சொற்கள் ஒன்றாக எழும்பி, அடங்க வேண்டியது அடங்கவில்லை.

பதற்றத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஒரு பெயர்ச்சொல்லைச் சொன்னால் அதற்குரிய வினைச்சொல்லைச் சொல்ல வேண்டும். ‘கத்தரிக்கோல்’ என்றால் எல்லோரும் ‘வெட்டு’ என்போம், சிரமமில்லை. ‘பந்து’ என்றால் எறி, பிடி, உதை, அடி என்று நாலைந்து முட்டி மோதும். இப்படிப் போட்டி உள்ள இடத்தில் பதற்றம் மிகுந்தவர்கள் திணறினார்கள். அதே ஆய்வில் மிடசோலம் கொடுத்தபோது அந்தத் தேர்வு மேம்பட்டது. அடக்கும் ரசாயனம் பொருளைத் தேர உதவுகிறது என்பதற்கு நல்ல சான்று இது. ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்த மருந்துக்கும் நான்கு வருடம் தினமும் விழுங்கும் மாத்திரைக்கும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். கணவரை இழந்த துக்கமும், ‘அம்மாவைப் போல ஆகிவிடுவேனோ’ என்ற அச்சமும் மனத்தில் இரைந்துகொண்டே இருந்தால் சொல் தடுமாறும் என்பதைத்தான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். தடுமாறினால் அச்சம் கூடும். அச்சம் கூடினால் இன்னும் தடுமாறும்.

இன்னொரு காரணமும் உண்டு. அல்பிரசோலத்தில் பாதி உடலை விட்டுப் போக நடுவயதில் சுமார் 11 மணி நேரம். மூத்தவர்களுக்குச் சுமார் 16 மணி நேரம் வரை ஆகும். காலை ஏழு மணிக்கு நீங்கள் மீன்காரம்மாவிடம் பேரம் பேசும்போது இரவு போட்டதில் பாதிக்கு மேல் உள்ளேதான் இருக்கலாம்.

மருமகள் சொல்லாததைச் சொன்னதாக நினைத்ததற்கு ஒரு சோதனை சொல்கிறேன், பேத்தியிடம் செய்து பாருங்கள். வலை, படகு, துடுப்பு, தூண்டில், செதில், நங்கூரம், கருவாடு, அலை என்று நிதானமாக வாசியுங்கள். சற்றுப் பொறுத்து, “நான் ‘மீன்’ என்று சொன்னேனா?” என்று கேளுங்கள். பலர் “சொன்னீர்கள்” என்று அடித்துச் சொல்வார்கள். ரோடிகர், மெக்டெர்மட் என்ற உளவியலாளர்கள் 1995-இல் இதை ஆங்கிலச் சொற்களைக் கொண்டு அழுத்தமாகக் காட்டினார்கள். நம் மூளை சொற்களைவிடச் சாரத்தைப் பிடித்துவைக்கிறது. விவரம் மங்கினால் சாரத்திலிருந்து விவரத்தை அதுவே செய்துகொள்கிறது. பொய் சொல்வதாக அர்த்தம் இல்லை. அந்தப் பேச்சும் இரவு மாத்திரைக்குப் பின் நடந்ததா என்று மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். மருமகளிடம் இந்தப் பத்தியைக் காட்டினாலும் நல்லதுதான்.

உங்கள் தாயாரைப் பற்றி. அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பொருளறிவே அழியும் ஒருவகை மறதி நோய் உண்டு. அதில் சொல் நுனிநாக்கில் நிற்காது, பொருளே போய்விடும். துடுப்பைக் கையில் கொடுத்தால், “இது என்ன? எதற்கு?” என்பார்கள். தாங்கள் தவறாகச் சொன்னதும் பல நேரம் அவர்களுக்குத் தெரியாது. நீங்களோ தவறு வாயை விட்டுப் போகும்போதே பிடித்துவிடுகிறீர்கள். ஐந்து பக்கம் கோவையாக எழுதியிருக்கிறீர்கள். இது ஆறுதலான அறிகுறி. ஆனாலும் கடிதத்தை வைத்து நோய் இல்லை என்று நான் சான்றிதழ் தர முடியாது. பரிசோதனை வேண்டும்.

மாத்திரையை என்ன செய்வது

இப்படியே தொடரலாமா? கூடாது என்பேன். உங்கள் வயதில் இந்த மாத்திரை நினைவைத் தொடுவதோடு நிற்பதில்லை. இரவில் கழிவறைக்கு எழுந்து போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவது நாங்கள் அடிக்கடி காணும் துயரம். தூக்கத்தின் நேரம் நீளலாம். ஆனால் ஆழ்ந்த தூக்கத்தின் பங்கு குறைகிறது. பகலில் கற்றதை மூளை அடுக்கிவைப்பதில் அந்த ஆழத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ‘இந்த மாத்திரையே மறதி நோயைக் கொண்டுவருமா’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆய்வுகள் இரு பக்கமும் பேசுகின்றன. அதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. நடந்துவிட்டதை எண்ணி உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

குறைக்கும் வழி இருக்கிறது. மருத்துவர் மேற்பார்வையில், மாத்திரையின் அளவைச் சிறுகச் சிறுகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் சில வாரம் நின்று, பிறகு அடுத்த படி. சிலருக்கு உடலில் நெடுநேரம் தங்கும் வேறு மருந்துக்கு மாற்றி அதைக் குறைப்பார்கள். மாதக்கணக்கில் ஆகும். நடுவில் ஒருவாரம் தூக்கம் கெட்டால் தோற்றுவிட்டதாக எண்ணி முழு மாத்திரைக்கு ஓடாதீர்கள். அந்தப் படியிலேயே கூடுதலாக நின்று கொள்ளலாம். தூக்கமின்மைக்கு மருந்தில்லாத உளவியல் பயிற்சி உண்டு. நீண்டநாள் தூக்கமின்மைக்கு அதுவே முதல் சிகிச்சை. துக்கத்துக்கும் பேச ஆள் வேண்டும். நான்கு வருடமாக உங்கள் துக்கத்தைப் பற்றி மாத்திரையைத் தவிர யாரும் விசாரிக்கவில்லை என்பதுதான் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய செய்தி.

மருத்துவரிடம் போனதும் கேட்க வேண்டிய பரிசோதனைகள்: ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை, சோடியம். பி12-ஐ அழுத்திச் சொல்கிறேன். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு அது குறையக்கூடும். குறைந்தால் நினைவும் தடுமாறும், கால் மரத்தும் போகும், ஈடுகட்டுவதும் எளிது. காது கேட்கும் திறனையும் பார்த்துவிடுங்கள். குறட்டை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நினைவாற்றல் சோதனையைத் தமிழிலேயே செய்யலாம். ஆனால் மாத்திரை உள்ளே இருக்கும்போது எடுக்கும் மதிப்பெண் குறைவாக வந்தால் இடிந்துபோக வேண்டாம். மாத்திரை நின்ற சில மாதம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும்.

சீட்டும் உங்கள் உரிமையும்

பழைய சீட்டுக்கு மாத்திரை தரும் கடைக்காரர் உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார். அல்பிரசோலம் 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள ‘எச்1’ பட்டியல் மருந்து. மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டும். யாருக்கு, யார் எழுதி, எவ்வளவு கொடுத்தது என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டைப் புதுப்பிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் ‘இன்னும் வேண்டுமா?’ என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விதான் உங்களுக்கு நான்கு வருடம் கிடைக்காமல் போனது. அதற்காக இன்றே வாங்குவதை நிறுத்த வேண்டாம். மருத்துவரைப் பார்க்கும் வரை கைவசம் இருக்கட்டும், அளவைக் கூட்டவும் வேண்டாம்.

மனநல சிகிச்சைக்குப் போனால் ‘பைத்தியம்’ என்பார்களோ என்று ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்த வரியையும் படித்தேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். உங்கள் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுப் பெறும் உரிமையும் உண்டு. கடலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். ஊரில் தெரிந்தவர் கண்ணில் பட வேண்டாம் என்றால் பஸ் ஏறிப் புதுச்சேரி வந்துவிடுங்கள். கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவும் நரம்பியல் பிரிவும் இருக்கின்றன. அதற்குள் மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற அரசின் இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

வரும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், மகன் அனுப்பிய டப்பாவையும், ஒரு நோட்டையும் கொண்டுவாருங்கள். நோட்டில் இரண்டு வாரத்துக்கு இதை மட்டும் எழுதினால் போதும்: எந்தச் சொல் தடுமாறியது, பதிலுக்கு எது வந்தது, மணி என்ன, முந்தின இரவு எத்தனை மணிக்கு மாத்திரை. மருமகளையும் கூட அழைத்து வாருங்கள். வீட்டில் பார்ப்பவர் சொல்வது எங்களுக்குப் பெரிய துணை. மகனிடம் இன்றைக்கே சொல்லி, போன் பேசுவதை மாலை ஆறு மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் அவர் சொன்னது நினைவில் இருக்கிறதா என்று பார்த்து, அதையும் நோட்டில் எழுதுங்கள்.